கூட்டு வியாபாரம்: வக்கீலிடம் போக வேண்டிய நாள் எது?



இந்த மலேசிய மண்ணில் நம் சமூகத்தார் நடத்தி வரும் தொழில்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். நாசி கண்டார் கடை, மளிகைக் கடை, துணிக்கடை, நகைக்கடை, நாணய மாற்றுக் கடை, அச்சகம் என்று எதை எடுத்தாலும் அவற்றில் பல, ஒருவர் தனியே ஆரம்பித்தவை அல்ல. மாமனும் மருமகனும், மச்சான்மார் இருவரும், ஒரே ஊரிலிருந்து ஒரே கப்பலில் வந்தவர்களின் பிள்ளைகளும் முதலைச் சேர்த்துப் போட்டு, பிஸ்மில்லாஹ் சொல்லித் திறந்தவை. இது நம் முன்னோர் காட்டிய வழி. இதில் பரக்கத்தும் உண்டு.

ஆனால் ஒரு வழக்கமும் நம்மிடம் வேரூன்றி இருக்கிறது. கடை திறக்கும் நாளில் பாத்திஹா ஓதுகிறோம், உற்றாரை அழைத்துச் சாப்பாடு போடுகிறோம், எஸ்.எஸ்.எம். என்று நாம் சொல்லும் மலேசியக் கம்பெனிகள் ஆணையத்தில் பெயரையும் பதிந்து விடுகிறோம். வக்கீல் அலுவலகத்தின் படியை மட்டும் மிதிப்பதில்லை. கடைசியில் மிதிப்பது எப்போது என்றால், இரு கூட்டாளிகளும் ஸலாம் சொல்லிக் கொள்வதையும் நிறுத்திய பிறகுதான். அப்போது வக்கீல் கேட்கும் முதல் கேள்வி, "உங்கள் உடன்படிக்கை எங்கே?" என்பதாகும். அதற்குப் பதில் இல்லாமல் நம்மவர் தலை குனிகிறார்.

கூட்டு வியாபார விஷயங்களில் யோசனை சொல்வதற்கும், பிணக்குகளைத் தீர்ப்பதற்கும் என்றே பழகிய வக்கீல் அலுவலகங்கள் நம் நகரங்களில் இருக்கின்றன. அவர்களிடம் எப்போது போவது, என்ன கேட்பது, எதைக் கையில் கொண்டு போவது என்பதே இந்தப் பாடத்தின் பொருள். நாம் சட்டம் படித்தவர்கள் அல்லோம். கல்லாவில் உட்கார்ந்து பழகியவர்கள். ஆகவே ஒரு வியாபாரி தெரிந்திருக்க வேண்டிய அளவே இங்கு சொல்கிறோம். தங்கள் சொந்த விவகாரத்துக்கு வக்கீலின் வாய்ச்சொல்லே ஆதாரம்.

1. நம்பிக்கை இருக்கும்போது எழுத்து எதற்கு?

"சொந்த மச்சானிடம் சீட்டு எழுதி வாங்குவதா? நம்பிக்கை இல்லையா?" என்று நம்மவர் கேட்பதுண்டு. இந்தக் கேள்விக்கு நம் மார்க்கமே விடை தந்து விட்டது. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் அல் பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். அது தவணையிட்ட கடனை எழுதிக் கொள்ளும்படியும், சாட்சிகளை வைத்துக் கொள்ளும்படியும், சிறியதாயினும் பெரியதாயினும் எழுதச் சோம்பாதிருக்கும்படியும் கற்பிக்கிறது. கைக்குக் கை நடக்கும் ரொக்க வியாபாரத்துக்கு மட்டுமே எழுதாமலிருக்க இடம் கொடுக்கிறது. கூட்டு வியாபாரம் கைக்குக் கை முடிகிற காரியமா? பத்து வருடம், இருபது வருடம் ஓடுகிற பொறுப்பல்லவா?

அந்த வசனம் ஈமான் கொண்டோரை நோக்கித்தான் அருளப்பட்டது என்பதையும் கவனிக்க வேண்டும். நம்பிக்கைக்கு உரியவர்களுக்கிடையேதான் எழுதச் சொல்லப்பட்டிருக்கிறது. ஸாத் அத்தியாயத்தின் 24ஆம் வசனமோ, கூட்டாளிகளில் அநேகர் ஒருவர் மீது ஒருவர் அத்துமீறுகின்றனர் என்று நபி தாவூத் அலைஹிஸ்ஸலாம் அவர்களின் வரலாற்றில் எச்சரிக்கிறது. எழுத்து என்பது சந்தேகத்தின் அடையாளம் என்று எண்ணுவது தவறு. ஷைத்தான் இருவருக்கிடையே நுழையும் வாசலை அடைத்து வைக்கும் கதவு அது.

2. நாம் எழுதாவிட்டால் சட்டம் எழுதுகிறது

இந்நாட்டில் கூட்டு வியாபாரத்தை ஆளுவது 1961ஆம் ஆண்டின் கூட்டு வியாபாரச் சட்டம். இங்கிலாந்தின் 1890ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டி இது அமைந்தது. லாபம் கருதிப் பலர் சேர்ந்து ஒரு தொழிலை நடத்தினால் அதுவே கூட்டு வியாபாரம் என்று இதன் 3ஆம் பிரிவு சொல்கிறது. எழுத்து இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. ஆகவே வாய்ப்பேச்சில் தொடங்கிய கடையும் கூட்டு வியாபாரம்தான்.

இங்கேதான் கவனம் தேவை. கூட்டாளிகள் தமக்குள் ஓர் ஏற்பாடும் செய்து கொள்ளாத இடங்களை இந்தச் சட்டம் தானே நிரப்புகிறது. அதன் 26ஆம் பிரிவில் உள்ள விதிகளில் நமக்கு முக்கியமானவை வருமாறு.

லாபத்தில் எல்லாக் கூட்டாளிகளுக்கும் சம பங்கு. நஷ்டத்திலும் சம பங்கு.

கடையில் உழைக்கும் கூட்டாளிக்கு அந்த உழைப்புக்காகத் தனிச் சம்பளம் இல்லை.

எல்லாரும் சம்மதித்தால் ஒழியப் புதிய கூட்டாளியைச் சேர்க்க முடியாது.

சாதாரண விஷயங்களைப் பெரும்பான்மையால் முடிவு செய்யலாம்; தொழிலின் தன்மையையே மாற்ற எல்லாரும் சம்மதிக்க வேண்டும்.

கணக்குப் புத்தகங்கள் தொழில் நடக்கும் இடத்தில் இருக்க வேண்டும். எந்தக் கூட்டாளியும் அவற்றைப் பார்க்கலாம், நகல் எடுக்கலாம்.

ஒத்துக் கொண்ட முதலுக்கு மேல் ஒரு கூட்டாளி கடைக்குப் பணம் கொடுத்தால், அவருக்கு வருடம் 100க்கு 8 வீதம் வட்டி சேரும்.

கடைசியாகச் சொன்னதைப் படித்து நம் சகோதரர்கள் திடுக்கிடலாம். ஆம், நாம் வாய் திறவாமல் இருந்தால், ஹராமான வட்டி நம் கூட்டுக்குள் சட்டத்தின் வழியாகவே நுழைந்து விடுகிறது. "இந்தக் கூட்டில் எந்தத் தொகைக்கும் வட்டி இல்லை" என்று உடன்படிக்கையில் ஒரே ஒரு வரி எழுதினால் அது வெளியே போய் விடும். அந்த வரியை வக்கீலிடம் கேட்டு எழுதுவிப்பது நம் கடமை.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூத்தவர் 60,000 வெள்ளியும் இளையவர் 20,000 வெள்ளியும் முதல் போடுகிறார்கள். மூத்தவருக்கு வேறு கடை இருக்கிறது. இளையவர் சுபுஹு முதல் இரவு கதவடைக்கும் வரை கடையில் நிற்கிறார். ஒரு வருடத்தில் 40,000 வெள்ளி லாபம். எப்படிப் பிரிப்பது?

எழுத்து இல்லாவிட்டால் சட்டத்தின் விதிப்படி ஆளுக்கு 20,000 வெள்ளி. மூத்தவர், "மூன்று மடங்கு முதல் போட்டவனுக்கும் அதே பங்கா?" என்கிறார். முதலின் வீதப்படி என்றால் மூத்தவருக்கு 30,000, இளையவருக்கு 10,000. இளையவர், "என் வியர்வைக்கு விலை இல்லையா?" என்கிறார். அடுத்த வருடம் 16,000 வெள்ளி நஷ்டம் வந்தால் அதே வழக்கு திரும்பி நிற்கும். சட்டத்தின்படி ஆளுக்கு 8,000. முதலின் வீதப்படி 12,000, 4,000. லாபத்தில் முதலின் வீதம் கேட்ட மூத்தவரே இப்போது சமம் கேட்பார். இருவரும் பொய்யர்கள் அல்லர். தொடக்க நாளில் ஒவ்வொருவர் மனத்திலும் ஒவ்வொரு கணக்கு இருந்தது. அதைப் பேசிக் காகிதத்தில் வைக்கவில்லை, அவ்வளவே.

எழுத்து இல்லாவிட்டாலும் பல வருட நடைமுறையைக் கொண்டு வாய்மொழி ஏற்பாடு ஒன்று இருந்ததாகக் கோர்ட்டில் நிரூபிக்க வழி உண்டு. ஆனால் அதற்குச் சாட்சி, கணக்கு, காலம், செலவு எல்லாம் வேண்டும். ஒரு காகிதம் செய்ய வேண்டிய வேலையை ஒரு வழக்கு செய்ய நேரிடும்.

3. ஷரீஅத்தின் கணக்கு

வக்கீலிடம் போகும் முன் ஆலிம் ஒருவரிடமும் போக வேண்டும் என்பது நம் அபிப்பிராயம். ஏனெனில் லாபப் பங்கீட்டில் மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு இருக்கிறது. ஷாபிஈ மத்ஹபில், இருவரும் முதல் போடும் கூட்டில் லாபமும் நஷ்டமும் முதலின் வீதப்படியே பிரிய வேண்டும். ஹனபி மத்ஹபில், லாபத்தை இருவரும் பேசிக் கொண்டபடி பிரிக்கலாம், உழைப்பவருக்குக் கூடுதல் தரலாம். நஷ்டம் மட்டும் முதலின் வீதப்படி. கடற்கரை ஊர்களிலிருந்து வந்த மரைக்காயர்களில் பெரும்பாலோர் ஷாபிஈகள். ராவுத்தர்களில் பெரும்பாலோர் ஹனபிகள். இரு சாராரும் சேர்ந்து கடை வைத்தால், எந்த முறையில் பிரிப்பது என்பதை முதல் நாளே தீர்க்க வேண்டும். உழைக்கும் கூட்டாளிக்குத் தனிக் கூலியாகக் கொடுப்பதா, அல்லது ஒருவர் முதலும் மற்றவர் உழைப்பும் போடும் முளாரபா முறையை எடுப்பதா என்பதையும் ஆலிம் விளக்குவார்.

சட்டம் இதற்குத் தடையாக நிற்கவில்லை. சம பங்கு என்ற விதி, நாம் வேறு ஏற்பாடு செய்யாதபோதுதான். கூட்டாளிகள் எழுதிக் கொண்ட பங்கீட்டை ஏற்றுக் கொள்ளும்படிதான் அது அமைந்திருக்கிறது. ஆகவே ஆலிம் சொன்ன கணக்கை வக்கீலின் காகிதத்தில் ஏற்றி விட்டால் மார்க்கமும் சட்டமும் ஒரே திசையில் நடக்கும்.

இன்னொரு விஷயத்தில் பிக்ஹும் இந்நாட்டுச் சட்டமும் ஒத்துப் போகின்றன. ஒவ்வொரு கூட்டாளியும் மற்றவருக்கு வக்கீல், அதாவது அவர் சார்பில் செயல்படும் பிரதிநிதி. இளையவர் கடைக்காக 90,000 வெள்ளிக்குச் சரக்கு எடுத்துக் கையொப்பமிட்டால், அந்தக் கடனுக்கு மூத்தவரும் பொறுப்பு. கடையின் சொத்து போதாவிட்டால், மூத்தவரின் சொந்த வீடும் சேமிப்பும் வரை அந்தப் பொறுப்பு நீளும். கையொப்ப அதிகாரத்துக்கு ஓர் எல்லை வைப்பது எவ்வளவு அவசியம் என்று இதிலிருந்து தெரியும்.

4. மௌத்துக்குப் பிறகு

நம் சமூகத்தில் மிகுந்த துயரம் விளைவது இந்த இடத்தில்தான். சட்டத்தின் 35ஆம் பிரிவின்படி, வேறு ஏற்பாடு இல்லையானால், ஒரு கூட்டாளி இறந்த உடனே கூட்டு கலைந்து விடுகிறது. பிக்ஹின்படியும் மௌத்து கூட்டை முடிக்கிறது. ஆனால் நடப்பது என்ன? ஜனாஸா அடக்கம் முடிகிறது. மறுநாள் கடை வழக்கம் போல் திறக்கிறது. இறந்தவரின் பங்கு எவ்வளவு என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. இங்கோ ஊரிலோ இருக்கும் விதவைக்கு மாதம் ஏதோ ஒரு தொகை போகிறது. சில வருடங்களில் அது குறைகிறது, பிறகு நிற்கிறது.

அந்த அம்மாளுக்கும் பிள்ளைகளுக்கும் போவது தருமம் அல்ல, அவர்களுடைய ஹக்கு. இறந்தவரின் பங்குக்கு உரிய தொகை, இறந்த தேதியிலேயே உயிரோடு இருக்கும் கூட்டாளிகள் தர வேண்டிய கடனாகி விடுகிறது என்பது சட்டத்தின் 45ஆம் பிரிவு. பிள்ளைகள் உள்ள கணவர் இறந்தால் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு என்பது பராயிள். எதில் எட்டில் ஒன்று? கடையின் கணக்கு முடியாதவரை அதற்கு விடை கிடையாது. யதீமின் பொருள் கலந்திருக்கும் கல்லாவில் கை வைப்பது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இதில் காலக்கெடுவும் உண்டு. 1953ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டப்படி, ஒப்பந்தம் பற்றியும் கணக்குக் கேட்டும் தொடுக்கும் வழக்குகளுக்குப் பொதுவாக 6 ஆண்டுகளே எல்லை. "பெரியவர்கள் பார்த்துச் செய்வார்கள்" என்று காத்திருந்த குடும்பம், 7ஆம் ஆண்டில் வக்கீலிடம் போனால் அவர் கையை விரிக்க நேரலாம். கோர்ட்டில் காலம் கடந்தாலும் அல்லாஹ்விடம் கடன் கடனாகவே நிற்கும். ஆனாலும் இவ்வுலகில் பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு அது உதவாதே!

எந்தக் கோர்ட்டுக்குப் போவது என்பதிலும் நம்மவர்க்குக் குழப்பம் இருக்கிறது. வாரிசுகள் யார், யாருக்கு எவ்வளவு என்ற பராயிள் சான்றிதழை ஷரீஅத் நீதிமன்றம் தருகிறது. கூட்டாளிகளுக்கிடையிலான வழக்கோ, இரு தரப்பாரும் முஸ்லிம்களாயினும், சிவில் கோர்ட்டுக்கே உரியது. ஷரீஅத் நீதிமன்றத்தில் வாதாடும் வக்கீல்கள் வேறு, சிவில் வக்கீல்கள் வேறு; இரண்டு அனுமதியும் பெற்றவர்களும் உளர். ஒரு கூட்டாளி மௌத்தானால் இரண்டு துறைகளின் யோசனையும் தேவைப்படும்.

5. வக்கீல் அலுவலகத்தைத் தேர்ந்தெடுத்தல்

எல்லா வக்கீலும் எல்லா வேலையும் செய்வதில்லை. வீடு வாங்கி விற்கும் பத்திரம் எழுதுவோர், மோட்டார் விபத்து வழக்கு நடத்துவோர், குற்ற வழக்கு நடத்துவோர் என்று பல வகையினர். கூட்டு வியாபார உடன்படிக்கை எழுதிப் பழகியவர், அதிலும் பிணக்கு வந்து கோர்ட்டு வரை போன கூட்டு வழக்குகளைக் கண்டவர், நமக்கு உகந்தவர். பழைய வழக்குகளில் எந்த ஷரத்து உடைந்தது என்று கண்டிருப்பவருக்குத்தான் புதிய உடன்படிக்கையில் எதை இறுக்கிக் கட்ட வேண்டும் என்பது தெரியும்.

முதல் சந்திப்பில் கூச்சமின்றிக் கேட்க வேண்டியவை இவை. இந்த வருடத்துக்குரிய தொழில் அனுமதிச் சான்றிதழ் இருக்கிறதா? கட்டணம் மொத்தத் தொகையா, மணிக் கணக்கா? முத்திரைத் தீர்வை, பதிவு முதலிய வெளிச்செலவுகள் அதில் அடக்கமா? வேலையைப் பார்ப்பது தாங்களா, உதவியாளரா? எங்கள் கூட்டாளிக்கோ, எங்களுக்குச் சரக்குக் கொடுப்பவருக்கோ தாங்கள் ஏற்கெனவே வக்கீலா? பதில்களில் கட்டணம் பற்றியதை எழுத்தில் வாங்கிக் கொள்வது நல்லது.

"வழக்கை ஜெயித்தால் மட்டும் கட்டணம், தோற்றால் ஒன்றும் வேண்டாம்" என்று யாராவது சொன்னால் விலகி நில்லுங்கள். 1976ஆம் ஆண்டின் வக்கீல் தொழில் சட்டம் அத்தகைய ஏற்பாட்டைத் தடுக்கிறது. கூலி வாங்கிக் கொண்டு உடன்படிக்கை எழுதித் தரும் தரகர்களிடமும் போக வேண்டாம். அனுமதி பெறாதவர் அந்த வேலையைச் செய்வதையும் அதே சட்டம் தடுக்கிறது.

நல்லிணக்கத்தோடு தொடங்கும்போது ஒரு வக்கீலே இருவருக்கும் உடன்படிக்கை எழுதித் தரலாம். ஆனால் முதலில் பெரிய ஏற்றத்தாழ்வு இருந்தால், சிறிய கூட்டாளி வேறொரு வக்கீலிடம் காட்டிக் கேட்டுக் கொள்வதில் தவறில்லை. பெரியவர் அதைக் குற்றமாக எடுத்துக் கொள்ளக் கூடாது. பிணக்கு வந்து விட்டாலோ, ஆளுக்கொரு வக்கீல் இருந்தே ஆக வேண்டும்.

வக்கீலிடம் உண்மையை ஒளிக்காதீர்கள். யோசனை கேட்டு நாம் சொல்வதை நம் அனுமதியின்றி அவர் வெளியிடக் கூடாது என்று 1950ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. ஊரிலிருக்கும் அண்ணன் அனுப்பிய முதல், வேறொருவர் பெயரில் எடுத்த லைசென்ஸ் எல்லாவற்றையும் சொல்லி விடுங்கள். மலேசியக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டுமே வியாபாரப் பதிவில் உரிமையாளராக வர முடியும். ஆகவே ஊர்ப் பணம் கடனா, பங்கா என்பது பின்னால் பெரும் வழக்காகக் கூடியது.

இன்னொன்றையும் கேளுங்கள். சாதாரணக் கூட்டாகவே இருப்பதா, 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வரையறுத்த பொறுப்புள்ள கூட்டாக, அதாவது பி.எல்.டி.யாகப் பதிவதா, சென்டிரியான் பெர்ஹாட் கம்பெனியாக்குவதா என்பதே அந்தக் கேள்வி. பின்னிரண்டிலும் கடை, கூட்டாளிகளிலிருந்து தனியான ஓர் ஆளாகச் சட்டத்தால் கருதப்படுகிறது. கடையின் கடன் பொதுவாக நம் வீட்டு வாசலுக்கு வராது. ஆனால் நாமே ஜாமீன் கையொப்பமிட்ட வங்கிக் கடன் வரும்.

6. உடன்படிக்கையில் இடம்பெற வேண்டியவை

ஒவ்வொருவரின் முதல் எவ்வளவு, ரொக்கமா சரக்கா. லாப நஷ்டப் பங்கீடு. உழைப்பவரின் கூலி. மாதம் எவ்வளவு எடுக்கலாம். வங்கியில் யார் கையொப்பம், எவ்வளவுக்கு மேல் இருவர் கையொப்பம். கணக்கை எந்தத் தேதியில் முடிப்பது, யார் தணிக்கை செய்வது. ஜகாத்தை யார் கணக்கிடுவது. வட்டி இல்லை என்ற ஷரத்து. ஒருவர் விலக விரும்பினால் எத்தனை மாத முன்னறிவிப்பு. விலகுபவர் அதே தெருவில் அதே தொழிலைத் தொடங்கினால் என்ன என்பதையும், அதில் சட்டம் எதுவரை இடம் தரும் என்பதையும் வக்கீலிடம் கேட்க வேண்டும்.

கடையின் பெயர் யாருக்கு? நல்ல பெயர் எடுத்த சாப்பாட்டுக் கடையில் அடுப்பையும் மேசையையும் விடப் பெயர்ப் பலகைக்கே மதிப்பு அதிகம். பிரியும்போது இருவரும் அதே பெயரைக் கேட்பார்கள். முதலிலேயே எழுதி விட வேண்டும்.

மௌத்தானால் கூட்டு தொடருமா, இறந்தவரின் பங்கை யார், எந்த முறையில் மதிப்பிடுவது, எத்தனை தவணையில் வாரிசுகளுக்குக் கொடுப்பது என்பதற்கு ஒரு முழு ஷரத்து வேண்டும். மற்ற எல்லாவற்றையும் விட இது முக்கியம் என்போம்.

கடைப் பையனுக்கு லாபத்தில் ஒரு பங்கு கொடுப்பதுண்டு. அதனால் மட்டும் அவர் கூட்டாளி ஆகி விடுவதில்லை என்று 4ஆம் பிரிவு சொல்கிறது. ஆனாலும் அவர் எந்த நிலையில் பங்கு பெறுகிறார் என்று எழுதி வைத்தால், பத்து வருடம் கழித்து அவர் மனமும் நம் மனமும் புண்படாது.

உடன்படிக்கையைத் தமிழில் விளக்கிச் சொல்லும்படி கேட்டு, புரிந்த பிறகே கையொப்பமிடுங்கள். கையொப்பமிட்ட 30 நாட்களுக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். முத்திரையில்லாத பத்திரத்தைக் கோர்ட்டில் சாட்சியமாக வைப்பதற்குத் தண்டத் தொகை கட்ட நேரிடும்.

7. பிணக்கு வந்து விட்டால்

எழுதியிருந்தாலும் மனிதர்களுக்குள் மனத்தாங்கல் வரலாம். அப்போது செய்யக் கூடாதவை மூன்று. கடைக்கு இரவோடு இரவாக வேறு பூட்டுப் போடுவது, வங்கிக் கணக்கைத் துடைத்தெடுப்பது, கணக்குப் புத்தகத்தை வீட்டுக்குத் தூக்கிச் செல்வது. இவை நியாயமுள்ளவரையும் குற்றவாளிக் கூண்டருகே நிறுத்தி விடும். பெரும்பான்மைக் கூட்டாளிகள் சேர்ந்து ஒருவரை நீக்குவதும், அதற்கென்று வெளிப்படையான ஷரத்து இல்லாவிட்டால், செல்லாது.

வக்கீலிடம் போகும்போது உடன்படிக்கை, எஸ்.எஸ்.எம். பதிவுத் தாள், வங்கிக் கணக்கு, சரக்குப் பட்டியல், கடை வாடகைச் சீட்டு, இருவருக்குமிடையே நடந்த கடிதங்கள், கைத்தொலைபேசிச் செய்திகள் எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கிக் கொண்டு போங்கள். அடுக்கிக் கொடுத்தால் வக்கீலின் நேரம் மிச்சம். அவர் நேரம் நம் பணம்.

அவர் பெரும்பாலும் முதலில் கணக்குக் கேட்டு ஒரு கடிதம் அனுப்புவார். கூட்டாளிகள் ஒருவருக்கொருவர் உண்மையான கணக்குக் காட்டியே ஆக வேண்டும் என்பது 30ஆம் பிரிவு. கணக்கு வெளியே வந்ததும் பாதிச் சண்டைகள் சுருங்கி விடும். அடுத்த படி சமரசம். 2012ஆம் ஆண்டின் சமரசச் சட்டப்படி, சமரசகர் ஒருவர் முன் இரு தரப்பாரும் பேசுவது இரகசியமாகக் காக்கப்படும். ஜமாஅத் பெரியவர்கள் முன் பேசி முடிப்பதும் நம் பழைய வழிதான். ஆனால் அங்கு முடிந்ததையும் எழுதி, வக்கீலிடம் காட்டிக் கையொப்பமிட்டுக் கொள்ள வேண்டும். இல்லையேல் ஆறு மாதத்தில் அதுவும் புதுச் சண்டையாகும்.

கோர்ட்டு கடைசி வாசல். கூட்டைக் கலைக்கக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. வேண்டுமானால் கடையை ஒரு பொறுப்பாளர் கையில் ஒப்படைக்கவும் அது உத்தரவிடலாம். பொறுப்பாளரின் ஊதியமும் கடைப் பணத்திலிருந்தே போகும். வாடிக்கையாளர் வேறு கடை பார்த்துப் போய் விடுவார். தீர்ப்பு வரும் நாளில் ஜெயித்தவர் கையில் இருப்பது காலி அலமாரிகளாக இருக்கக் கூடும்.

பிரிவது என்று முடிவானால் ஒழுங்காகப் பிரியுங்கள். விலகிய செய்தியை எஸ்.எஸ்.எம். பதிவில் 30 நாட்களுக்குள் மாற்ற வேண்டும். சரக்குக் கொடுப்போர், வங்கி, வீட்டுக்காரர் அனைவருக்கும் எழுத்தில் அறிவியுங்கள். அறிவிக்காவிட்டால், விலகிய பின் கடை வாங்கும் கடனுக்கும் உங்களைக் கேட்க அவர்களுக்கு வழி இருக்கிறது. விலகும் முன் வாங்கிய கடனுக்கோ, கடன் கொடுத்தவர் விடுவித்தால் ஒழிய, பொறுப்பு நீங்காது.

8. பாடத்தை மீண்டும் பார்ப்போம்

இன்று கூட்டுக் கடை வைத்திருக்கும் ஒவ்வொரு சகோதரரும் இந்த ஐந்து கேள்விகளைத் தம்மிடமே கேட்டுக் கொள்ளட்டும்.

எங்கள் லாப நஷ்டப் பங்கீடு எழுத்தில் இருக்கிறதா?

வட்டி இல்லை என்று அதில் இருக்கிறதா?

கூட்டாளியின் கையொப்பத்துக்கு எல்லை இருக்கிறதா?

கடையின் பெயர் யாருக்கு என்று தீர்ந்திருக்கிறதா?

இன்றிரவு எனக்கு மௌத்து வந்தால், நாளை என் மனைவி மக்கள் யாரிடம் போய், எந்தக் காகிதத்தைக் காட்டி, எவ்வளவு கேட்பார்கள்?

ஐந்தாவது கேள்விக்கு விடை இல்லாதவர்கள் இந்த வாரமே தம் கூட்டாளியுடன் உட்கார்ந்து பேசட்டும். கடை திறந்து இருபது வருடம் ஆகியிருந்தாலும் பரவாயில்லை. இருவரும் முகம் பார்த்துப் பேசும் நாள் எதுவோ, அதுவே வக்கீலிடம் போக வேண்டிய நாள். இருவரும் ஒரே வண்டியில் போய் வரலாம். போகும் வழியில் தேநீரும் குடிக்கலாம். சண்டைக்குப் பின் அதே அலுவலகத்துக்குத் தனித்தனி வண்டியில் போவதை விட இது எவ்வளவோ மேல்.

வல்ல அல்லாஹ் நம் கூட்டுகளில் பரக்கத் செய்து, நம் கல்லாக்களை ஹலாலாக்கி, நமக்குப் பின் வருவோரைப் பிறர் கையை எதிர்பார்க்காதவர்களாக ஆக்கி வைப்பானாக. ஆமீன்.